சக்கரத்தின் ஓசைக்குச் செவிகொடுப்போம்



தோட்டத்து மண்சாலைகளில் ஓடும் நாற்சக்கர இயக்க வாகனங்களைப் பற்றி இன்று உங்களோடு உரையாட விழைகின்றோம். வாகனத்தைச் செலுத்துபவர் ஒருவரே. அதனை நம்பியிருப்பவரோ பலர். வேலைக்காட்டுக்குச் செல்வோரும், நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படும் நோயாளியும் அவருள் அடங்குவர். ஆகவே, சக்கரத்தில் புதிய ஓசை எழுந்தால், அதனைக் கேட்டவர் எவராயினும் ஓட்டுநரிடம் உடனே சொல்லுதல் வேண்டும்.

ஓசைகள் பலவகைப்படும். வேகம் கூடக்கூட வளரும் முனகல், தேய்ந்த பேரிங்கின் அறிகுறியாகலாம். சேற்று நிலத்துக்குரிய தடித்த டயர்களும் முனகுவதுண்டு. ஆனால் சாலையின் தரை மாறினால் டயரின் ஓசையும் மாறும். பேரிங்கின் ஓசை பெரும்பாலும் அவ்வாறு மாறுவதில்லை. வாகனம் இடப்புறம் திரும்பும்பொழுது பாரம் வலப்புறச் சக்கரங்களின்மீது சாய்கின்றது. அப்பொழுது முனகல் மிகுமாயின், வலப்புறப் பேரிங்கை ஐயுறலாம். 'டொக்' என்னும் ஒலி கேட்டால், வண்டியை நிறுத்திச் சக்கர நட்டுகளை முதலில் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, ஆட்டத்தைச் சோதிக்கும் முறையைக் கூறுவோம். கெட்டியான சமதரையில் வாகனத்தை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுக. ஜாக்கியால் உயர்த்தியபின் அச்சின் கீழ் உறுதியான தாங்கியை வைத்திடுக. ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் புகுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

முன்சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில் உள்ளது; மறையாவிடில் சக்கரம் திரும்பும் மூட்டுகளில் உள்ளது எனக் கொள்ளலாம். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்பொழுது மட்டும் ஆட்டம் தோன்றினால், ஸ்டியரிங் தண்டின் முனைகளை ஆராய்தல் வேண்டும்.

"நட்டை நன்றாக இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும்" என்று எண்ணுவோர் உளர். ஈதே பெருந்தவறு. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த லாண்ட் ரோவரின் வழிவந்த பழைய வாகனங்களில், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குகள் இரண்டு சக்கரந்தோறும் உள்ளன. அவற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் சூடேறிக் கெடும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் படிந்தபின் சற்றே தளர்த்துக. அவ்வாகனத்தின் கையேட்டில் கண்ட அளவே இறுதியானது. பின்னர்ப் பூட்டு வாசரை மடக்கி நட்டைப் பூட்டுதல் வேண்டும். புதிய வாகனங்கள் பலவற்றில் பேரிங் மூடிய கட்டாக அமைந்துள்ளது; அதனைச் சரிக்கட்ட இயலாது, முழுவதும் மாற்றுதலே முறை.

கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திப் பாருங்கள். குழியோ, சூட்டால் நீலம் பாய்ந்த நிறமோ காணப்பட்டால், உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுக. சீலும் புதியதாக இருக்கட்டும். உருளைகளின் இடைவெளியெல்லாம் கிரீஸ் நிரம்பும்படி உள்ளங்கையால் அழுத்தித் திணித்தல் நலம். ஆற்றைக் கடந்த வாகனத்தில் கிரீஸ் மரப்பால்போல் வெளுத்திருந்தால், நீர் புகுந்துவிட்டது என அறிக.

சக்கர நட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

தோழர்களே, பால்வெட்டும் கத்தியின் கூர்மையை நாள்தோறும் பார்ப்பவர் நாம். நம்மைச் சுமந்து செல்லும் சக்கரத்திற்கும் அதே கவனத்தைச் செலுத்துவோம். பழுதுபார்க்கும் திறன் சிலருக்கே உண்டு. ஓசையைக் கேட்டுச் சொல்லும் கடமையோ நம் அனைவருக்கும் உண்டு.