வீட்டு வாயிலும் கடை வாயிலும்



நெய்வேலி நகரியத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்யும் காட்சியை எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். நிறுவனம் அளித்த குடியிருப்பைத் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கட்டில், பீரோ, தையல் இயந்திரம், பிள்ளைகள் படித்த புத்தகங்கள் ஆகிய அனைத்தையும் புதிய ஊருக்குக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே, சிலவற்றை வாயிலில் வைத்து அக்கம்பக்கத்தாருக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர். இதனைக் குறை கூறுவார் உளரோ? இலர்.

ஆனால், அதே தெருவில் வேறொரு வீட்டு வாயிலில் வாரந்தோறும் இத்தகைய விற்பனை நடைபெறுகிறது என்று கொள்வோம். அங்கே விற்கப்படுபவை அவ்வீட்டில் புழங்கிய பொருள்களே என்று நம்ப முடியுமா? விற்பதற்கென்றே வாங்கி வந்த பொருள்கள் அவை என்பது சொல்லாமலே விளங்கும். முன்னது வீடு ஒழித்தல்; பின்னது வாணிகம். இவ்விரண்டிற்கும் எல்லை எங்கே? இதுவே நாம் இன்று ஆராயப் புகும் வினா.

அமெரிக்க நாட்டில் இவ்வகை விற்பனைக்குக் ‘கராஜ் சேல்’ என்று பெயர். கார் நிறுத்தும் கொட்டகையில் பொருள்களைப் பரப்பி விற்பதால் அப்பெயர் வந்தது. அங்குப் பல நகராட்சிகள், ஒரு வீட்டார் ஆண்டுக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு முறையே இவ்வாறு விற்கலாம் என்று வரையறுத்துள்ளன. ‘என் பொருளை நான் விற்பதற்கு எண்ணிக்கை எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். விற்பவரின் நோக்கத்தை யாரும் கண்ணால் காண முடியாது. எத்தனை முறை விற்றார் என்பதையோ எவரும் எண்ணிவிடலாம். எண்ணிக்கை என்பது நோக்கத்தின் புற அடையாளம்.

நோக்கத்தைப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபொழுது, தனி ஒருவர் தம் பழைய நகையை நகைக் கடைக்காரரிடம் விற்பது வாணிகம் ஆகாது என்று மத்திய அரசு விளக்கம் அளித்தது. ஆகவே அவ்விற்பனைக்கு அவ்வரி இல்லை.

இனி நெய்வேலிக்கு வருவோம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டு தோன்றியது. 1957 மே 20 அன்று நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சுரங்கத்தில் உழைப்போர் வாழ்வதற்கென எழுந்ததே வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட இந்நகரியம். இங்கே குடியிருப்புகள் அரசு நிறுவனத்தின் உடைமை. குடியிருப்பவருக்கு உரியது வாழும் உரிமையே. இத்தகைய பொது இடங்களுக்கென 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. குடியிருப்பதற்கு அளிக்கப்பட்ட உரிமைக்கு இணங்க அன்றி, பொது இடத்திலோ அதன் முன்புறத்திலோ எவரும் பொருள்களைப் பரப்பி வைத்தல் ஆகாது என்று அச்சட்டம் கூறுகிறது. எத்தனை முறை என்று அது எண்ணுவதில்லை. உரிமை உண்டா என்றே வினவுகிறது.

இது கடுமை என்று தோன்றலாம். ஆயினும், பாதிக்கப்படுவோரையும் நினைத்துப் பாருங்கள். கடைத்தெருவில் வாடகை செலுத்திக் கடை நடத்துபவர் ஒருவர். சுரங்கத்தில் இரவுப் பணி முடித்துக் காலையில் கண்ணயரும் தொழிலாளி மற்றொருவர். இராப்பகல் ஓயாத இவ்வூரில் பகலுறக்கம் சோம்பல் அன்று. அது மறுநாள் உழைப்புக்கு முதல். அவருடைய சன்னலின் கீழ் வாரந்தோறும் பேரம் நடப்பது நியாயமாகுமா?

எனினும், முற்றிலும் தடுப்பதும் முறையன்று. ஓய்வு பெற்றுச் செல்லும் குடும்பம் தன் பொருள்களைப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட நேரும். அடுத்த வீட்டு ஏழைச் சிறுவனுக்குக் குறைந்த விலையில் கிடைக்கவேண்டிய மேசை கிடைக்காமற் போகும். ஆகவே அளவான அனுமதியே நடுவுநிலை. ஒரு வீட்டாருக்கு ஆண்டில் இரு முறை. முறைக்கு இரண்டு நாள். காலை உறக்கத்தைக் கெடுக்காத மாலை வேளை. வீட்டில் புழங்கிய பொருள்கள் மட்டும். வீட்டைக் காலி செய்வோருக்கு எண்ணிக்கையில் விலக்கு. இவை என் கருத்து. இவற்றினும் சிறந்தவற்றை நீங்கள் கூறலாம்.

விதியை வகுப்போர் யார் என்பதும் முக்கியம். 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம் ஒரு நல்வழி காட்டியது. அச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெரு வணிகர்களே இடம்பெறல் வேண்டும். கட்டுப்படுவோர் கலந்து பேசி வகுத்த விதி, காவலர் இன்றியும் நிலைக்கும்.

மாணவ நண்பர்களே! உங்கள் தெருவுக்கு இத்தகைய விதி ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதியபின், விற்பவராக ஒரு முறையும், உறங்கும் தொழிலாளியாக ஒரு முறையும் அதனைப் படியுங்கள். இருவருக்கும் ஒத்துவருமாயின் அது நல்ல விதி.