கழற்றி எறிந்த துணி எங்கே போகிறது?

(சங்கத்தின் டில்லிக் கிளை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துணியைப் பற்றிப் பேச அரசியல் மேடை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்களைக் கேளுங்கள். தீபாவளிக்கு எசமானியம்மா கொடுக்கும் பழந்துணி மூட்டை வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே வருகிறது. உடுத்தக்கூடிய துணி மட்டும் அதில் குறைந்துகொண்டே வருகிறது.

முன்பெல்லாம் அந்த மூட்டைக்கு ஒரு வழி இருந்தது. எவர்சில்வர் பாத்திரம் சுமந்து தெருத்தெருவாக வரும் வாக்ரிப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். குஜராத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், நம்மைப் போலத்தான். பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்கி, ரகுவீர் நகர்ச் சந்தையில் விடிவதற்கு முன்பே விற்பார்கள். நல்லது இன்னொரு ஏழையின் உடம்புக்குப் போகும்; பருத்திக் கந்தல் இயந்திரம் துடைக்கப் போகும். இன்றைக்கு அந்த அம்மாள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பாதியைத் தள்ளிவைக்கிறார். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, துடைக்க உதவாது. பருத்தியோடு கலந்து நெய்துவிட்டால் பிரித்தெடுப்பதும் கடினம். 2023-இல் உலகில் உற்பத்தியான இழை சுமார் 12 கோடியே 40 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் இந்தப் பாலியஸ்டர்தான். கச்சா எண்ணெயிலிருந்து வந்த பிளாஸ்டிக்கை உடுத்திக்கொண்டிருக்கிறோம், தோழர்களே!

இங்கிருந்து 90 கிலோமீட்டர் வடக்கே பானிப்பட். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கழித்துக் கட்டிய துணி காண்ட்லா துறைமுகம் வழியாக வந்து அங்கே குவிகிறது. பெண்கள் தரையில் உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுத்து, நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். இயந்திரம் அதைப் பிய்த்துப் பஞ்சாக்குகிறது. அந்தப் பஞ்சை நூற்றுத்தான் ‘ஷாடி’ கம்பளி நெய்கிறார்கள். வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரணமாகக் கொடுக்கிறார்களே, அந்தக் கம்பளிதான். நிறம் பார்த்துப் பிரிப்பதால் மறுபடி சாயம் தோய்க்கும் வேலை குறைகிறது, தண்ணீர் மிச்சம் என்று மாநாடுகளில் புகழ்கிறார்கள். புகழட்டும். பிய்க்கும் இயந்திரத்தருகே நிற்பவனின் மார்புக்குள் போகும் தூசு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. பஞ்சுத் தூசு வருஷக்கணக்கில் உள்ளே போனால் வரும் நுரையீரல் நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயரே இருக்கிறது. வெளுப்புப் பட்டறைகளின் கழிவுநீர் விவகாரமோ பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

வெள்ளைக்காரன் தன் குப்பையை நம் தலையில் கட்டுகிறான் என்று முழங்கினால் நீங்கள் கை தட்டுவீர்கள். முழங்க எனக்கும் ஆசைதான். கணக்கு இடம் கொடுக்கவில்லை. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்வதாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் இறக்குமதி நூற்றுக்கு 7 பங்குதான். ஏறத்தாழப் பாதி, இந்த நாட்டில் உடுத்திக் கழித்தது. மிச்சம் ஆலையிலும் பட்டறையிலும் வெட்டி ஒதுக்கியது.

மலிவுத் துணியின் மிச்ச விலையை யார் கொடுக்கிறார்கள்? நம் ஊர் நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. சுற்றிலும் கிணற்று நீர் உப்பாயிற்று. விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு அதன் பிறகுதான் உறுதிப்பட்டது. விவசாயி நிலத்தை இழந்தான். பட்டறைத் தொழிலாளி வேலையை இழந்தான். சுத்திகரிப்புச் செலவு பட்டறைக்காரர் தலையில் விழுந்தது. அந்தத் துணியில் தன் பெயரை ஒட்டி விற்ற கம்பெனி என்ன இழந்தது?

விற்றவனே கழிவுக்கும் பொறுப்பு என்று பிரான்ஸ் 2007-லேயே சட்டம் செய்தது. 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அதை விரித்தார்கள். நம் நாட்டில் பிளாஸ்டிக் உறைக்கும் மின்னணுப் பொருளுக்கும் அப்படி விதி உண்டு. துணிக்கும் வேண்டும் என்பதே இன்றைய தீர்மானம். அதில் நான் ஒரு திருத்தம் சேர்த்திருக்கிறேன். வசூலாகும் பணம் பெரிய மறுசுழற்சிக் கம்பெனிகளோடு நின்றுவிடக் கூடாது. பாத்திரம் சுமக்கும் பெண்ணுக்கும் பானிப்பட்டில் பொத்தான் வெட்டும் பெண்ணுக்கும் அடையாள அட்டையும், தூசு தடுக்கும் முகமூடியும், ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் அதிலிருந்து கிடைக்க வேண்டும்.

நகல் மேசைமேல் இருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும்.