கைகளை நிரப்புதல்



கல்லூரியில் பயின்ற நாட்களில், எபிரேய வேதத்தின் மூன்றாம் நூலாகிய லேவியராகமத்தைப் படிக்கத் தொடங்கிப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். காளை, கடா, இரத்தம், கொழுப்பு, நெருப்பு என்று பக்கந்தோறும் வந்த விதிகள் எனக்குச் சலிப்பையே தந்தன. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அந்நூலைத் திறந்தபோது, முன்பு நான் கவனியாது விட்ட ஒரு செய்தி என்னைத் தடுத்து நிறுத்திற்று. அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காணிக்கைக்கு எபிரேய மொழியில் வழங்கும் பொதுப்பெயர் 'கொர்பான்' என்பது. 'நெருங்குதல்' என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்த சொல் அது. முற்றும் எரிக்கப்படுவது சர்வாங்க தகனபலி. மாவும் எண்ணெயும் கொண்டது போஜனபலி. படைத்தவரும் உண்டு மகிழ்வது சமாதானபலி. இவற்றோடு பாவநிவாரணபலியும் குற்றநிவாரணபலியும் உண்டு. வகை எதுவாயினும் நோக்கம் ஒன்றே: தூர நிற்கும் மனிதன் இறைவனை நெருங்க வேண்டும்.

அப்படியானால், மக்களுக்காகப் பலிபீடத்தை நெருங்கும் ஆசாரியன் எவ்வாறு ஆக்கப்படுகிறான்? லேவியராகமத்தின் 8ஆம் அதிகாரம் அதனை விவரிக்கிறது. மோசே, ஆரோனையும் அவன் புதல்வரையும் நீரால் கழுவுகிறார், உடை அணிவிக்கிறார், ஆரோனின் தலையில் தைலம் வார்க்கிறார். ஆரோன் அணியும் மார்ப்பதக்கத்தில் 12 கற்கள். 12 கோத்திரங்களின் பெயர்களும் அவற்றில் பொறிக்கப்பட்டவை. தன்னை மட்டும் எண்ணி அவன் உள்ளே செல்லுதல் இயலாது.

இச்சடங்கிற்கு எபிரேயர் இட்ட பெயர் 'மில்லுயீம்', அதாவது நிரப்புதல். கொழுப்பையும் தொடையையும் அப்பத்தையும் எடுத்து மோசே அவர்கள் கைகளில் வைக்கிறார். நிரம்பிய கைகள் அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. மோசே அவற்றைத் திரும்ப எடுத்துப் பலிபீடத்தில் எரிக்கிறார். கொடுப்பதற்காகவே நிரப்பப்பட்ட கைகள் அவை.

அதற்கு முன் மற்றொரு செயல் நிகழ்கிறது. பிரதிஷ்டைக் கடாவின் இரத்தம் அவர்களுடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசப்படுகிறது. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, காது சொல்லுக்கும், கை செயலுக்கும், கால் வாழ்க்கைப் பயணத்துக்கும் அடையாளம் என்று விளக்கினார்.

என்னை நிறுத்திய செய்தி இதற்குப் பின்னர் வருகிறது. 14ஆம் அதிகாரத்தில், கொடிய சரும நோயால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டிருந்த ஒருவன் குணமடைந்து திரும்புகிறான். அவனுடைய வலது காதிலும், கை கால் பெருவிரல்களிலும் அதே முறையில் இரத்தம் பூசப்படுகிறது. பின்பு எண்ணெயும் அவ்விடங்களில் பூசப்படுகிறது. எஞ்சியது அவன் தலையில் இடப்படுகிறது. அவன் ஏழையாயினும் இச்சடங்கில் ஒரு குறைவும் இல்லை. அவன் கொண்டுவரும் ஆடுகளின் எண்ணிக்கையே குறைக்கப்படுகிறது. மிக உயர்ந்தவனுக்கும் ஒதுக்கப்பட்டவனுக்கும் ஒரே அடையாளம்! இதனை அன்று நான் எவ்வாறு காணாது விட்டேன்?

இதே நூலின் 4ஆம் அதிகாரமும் நோக்கத்தக்கது. அறியாமல் பாவம் செய்தால், சாதாரணக் குடிமகன் ஒரு பெண் வெள்ளாட்டையோ பெண் செம்மறியாட்டையோ கொண்டுவந்தால் போதும். தலைவன் வெள்ளாட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும். அபிஷேகம் பெற்ற ஆசாரியனோ ஒரு காளையையே கொண்டுவர வேண்டும். பதவி உயர உயரப் பிழையின் விலையும் உயர்கிறது. வேறு சில குற்றங்களுக்கு, புறாக்களும் வாங்க இயலாத வறியவன் கொண்டுவரும் ஒரு சிறிதளவு மாவும் பாவநிவாரணபலியாகவே ஏற்கப்படுகிறது.

கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அங்கு நிகழ்ந்த பலிகளும் அத்துடன் நின்றன. ஆயினும் யூதர்கள் இவ்வதிகாரங்களை ஆண்டுதோறும் தம் ஜெபஆலயங்களில் இன்றும் வாசிக்கின்றனர். பீடம் மறைந்த பின்னும் பொருள் மறையவில்லை.

நண்பர்களே! நாளை உங்கள் கைகளையும் கல்வியும் பதவியும் நிரப்பும். அப்போது, நிரம்பிய கை எதற்காக நிரம்பியது என்பதையும், உங்கள் காதில் உள்ள அடையாளமே ஊருக்கு வெளியே நிற்பவன் காதிலும் உண்டு என்பதையும் சிறிது எண்ணிப் பாருங்கள்.