நீர்க்கட்டி என்னும் சொல்



ஒரு வட்டாரச் சொல் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை பெறத் தகுந்ததா என்பதை இன்று ஆராய்வோம். பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மையாசிரியராகக் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அத்தகைய பெருநூலிலும் எல்லாச் சொற்களுக்கும் இடமளித்தல் இயலாது. பொருள் கூறியதும் முடிந்துவிடும் சொல்லுக்கு அகராதியே போதும்.

'நீர்க்கட்டி' அத்தகையதா? இந்நாளில் இச்சொல்லைக் கேட்போர் உடலில் தோன்றும் நோயையே நினைக்கின்றனர்! ஏரிப்பாசனக் கிராமங்களிலோ மதகைத் திறந்து மூடுபவரே நீர்க்கட்டி. தண்ணீர் குறைந்த காலத்தில் முறைவைத்துப் பாய்ச்சுவார். மழைக்கால இரவுகளில் கரையைக் காப்பார். அறுவடையில் நெல்லைக் கூலியாகப் பெறுவார். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே இப்பணியைச் செய்து வந்தனர். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு விரித்துரைப்பது ஏரி வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த முறையை. மதகடியில் நின்றவரைப் பற்றியன்று.

சில வட்டாரங்களில் மட்டுமே வழங்கும் சொல் என்று தள்ளுவாரும் உளர். தென்மாவட்டங்களில் இவரே நீர்ப்பாய்ச்சி. பெயர் வேறு, பணி ஒன்று. ஆகவே, ஒரே கட்டுரை எழுதி, பிற பெயர்களை அதனிடம் சுட்டிவிடலாம் என்பது நம் முடிவு.

ஆனால் சான்று வேண்டுமே! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் விளைநிலங்கள் பல தொழிற்சாலைகளாகிவிட்டன. வயலில்லாத மதகுக்கு நீர்க்கட்டி ஏது? அப்பணி செய்த முதியோர் உள்ள ஊர்களில், எந்த மதகு, எத்தனை நாள் முறை, எவ்வளவு நெல் என்பவற்றை அவர்களிடமே கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி வையுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கும் ஒரு படி அனுப்புங்கள்.