தலையெண்ணிக்கைக்குள் அடங்காத வயது



வெப்பமண்டல உயிர்வளத்தின் தோற்றமும் பரிணாமமும் என்பது இந்த அறக்கட்டளைப் பொழிவுக்குத் தரப்பட்ட தலைப்பு. அமேசான்வரை போக நேரமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே நிற்போம்; அங்கும் பெரும்பாலும் ஒரு தவளையோடு.

2003-இல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுய்ட்டும் இடுக்கி மாவட்டத்து ஊதாத் தவளையை 'நேச்சர்' இதழில் விவரித்தார்கள். நாசிகாபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். உப்பிய உடல், சின்னஞ்சிறு கண், கூர்மூக்கு. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடக்கும். மழை பிடித்ததும் சில நாள் மட்டும் மேலே வந்து, இணைசேர்ந்து, ஓடையில் முட்டையிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். இதன் தலைப்பிரட்டையை 1918-லேயே விவரித்துவிட்டார்கள். அது எந்தத் தவளையின் பிள்ளை என்று அறிவியல் தெரிந்துகொள்ள 85 ஆண்டு ஆயிற்று. இடுக்கியின் பழங்குடி மக்களுக்கோ, வேகமாக ஓடும் நீரில் பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்தத் தலைப்பிரட்டை பழகிய உணவு.

மரபணுவை ஒப்பிட்டபோதுதான் வியப்பு. இதன் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் இந்தியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே, செஷல்ஸ் தீவுகளில் வாழும் 4 சிறு தவளைச் சிற்றினங்கள். இந்தியாவும் செஷல்சும் ஒட்டியிருந்தபடியே மடகாஸ்கரை விட்டு நகர்ந்தவை. ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிய காலத்தையொட்டி, அவையும் பிரிந்தன. இந்தத் தவளைக் கிளைகள் பிரிந்தது அதற்கும் முன்பு. டைனோசர்களை அழித்த பேரழிவையும், நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே நகர்ந்த நெடும்பயணத்தையும் தாண்டி ஒரு குலம் இங்கே பிழைத்திருக்கிறது.

அதே மலையில் நேர்மாறான கதையும் உண்டு. ராவோர்செஸ்டிஸ் பேரினத்துப் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும். ஓடை தேவையில்லை, ஈரம் போதும். ஈரமான உச்சிகளுக்கு அவை ஏறின. இடையிலுள்ள வெப்பப் பள்ளத்தாக்குகள் உறவை அறுத்தன. 60-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உருவாயின. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் பறவைகளைக்கூடப் பிரித்திருக்கிறது: வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான். சிறகிருந்தும் சோலையை விட்டு வெயில் சமவெளியைக் கடக்க அவை முற்படுவதில்லை.

என் மனத்தை உறுத்துவதைச் சொல்கிறேன். காட்டை மதிப்பிடும் நம் அறிக்கைகள் தலையை எண்ணுகின்றன. அந்தப் பட்டியலில் ஊதாத் தவளையும் ஒன்று, அண்மையில் கிளைத்த புதர்த்தவளையும் ஒன்று. ஒரு புதர்த்தவளை அழிந்தால் அது பேரிழப்பே. ஆனால் அதன் உறவுகள் பக்கத்து மலையில் இருக்கும். ஊதாத் தவளை போனால் அதன் குடும்பமே ஏறக்குறையப் போய்விடும், கோடிக்கணக்கான ஆண்டுகளின் வரலாற்றோடு. எந்த ஓடையைக் காப்பது என்று முடிவெடுக்கும் மேசைக்கு இந்த வயதுக் கணக்கும் வந்தாக வேண்டும்.

இது கேரளத்துச் செய்தி மட்டுமன்று. 2017-இல் மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து இந்தக் குடும்பத்தின் இரண்டாவது சிற்றினம் விவரிக்கப்பட்டது: நாசிகாபட்ராகஸ் பூபதி. மலை உயர்ந்து மழைக்காலங்கள் இரண்டுபட்டதே இவ்விரு தவளைகளும் பிரியக் காரணமாகலாம் என்பது அதை விவரித்தவர்களின் கருத்து. பெயருக்குரியவர் கோவை சாலிம் அலி மையத்தின் ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதி. 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிர்நீத்தவர். அவர் பெயரை அவையில் சொல்லக் கிடைத்த வாய்ப்பைப் பெரிதாக எண்ணுகிறேன்.

மாணவர்களே, கிழக்குச் சரிவின் ஓடைகளுக்கு மழை நாளில் போங்கள். தலைப்பிரட்டை ஒட்டியிருக்கும் பாறைகளைக் குறித்து வையுங்கள். மேய்ப்பவர்களிடமும் வேட்டைத்தடுப்புக் காவலர்களிடமும் கேளுங்கள். தடுப்பணை கட்டினால் ஓட்டம் நின்று, வண்டல் படிந்து, அந்தப் பாறைகள் மூழ்கிவிடும். திட்டம் வரைவதற்கு முன்பே அந்தக் குறிப்பேடு வனத்துறையின் கையில் இருக்க வேண்டும்.