ஒரு திங்களில் மூன்று நாவல்கள்

கிருலப்பனையில் வாழும் நூலன்பர் ஒருவர் சென்ற திங்களில் ஈழத்து நாவல்கள் மூன்றைக் கையிலெடுத்தார். 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' முதலாவது. அதன் தலைவன் எகிப்தில் பிறந்தவன். திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. அது நாயக்கர் காலத் தமிழகக் கதை. இவ்விரண்டையும் பத்தே நாட்களில் முடித்துவிட்டார்.

டானியலின் 'பஞ்சமர்' அங்ஙனம் விரையவிடவில்லை. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். நூல் வெளிவந்தது 1972இல். கோயிற்கதவும் தேநீர்க்கடையும் தாழ்த்தப்பட்டோருக்கு அடைக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தை அது காட்டுகிறது. அன்பர் பிறந்ததும் யாழ்ப்பாணத்திலேதான். கதவை அடைத்தோர் பக்கத்திலே. நூலில் கலையழகு குறைவென்று சொல்லி மூடிவைக்க இருமுறை முயன்றார். சாக்கு என்பது அவருக்கே தெரியும். இன்னும் பாதி நூல் எஞ்சியிருக்கிறது. இரவுதோறும் சில பக்கங்களாகப் படித்து வருகிறார்.