கூடிக் கற்கும் கலை

ஓவியக்கலை பயிலும் மாணவன் என்றதும், தாளும் தூரிகையுமாகத் தனியே அமர்ந்திருக்கும் ஒருவனது தோற்றமே பலர் மனத்திலும் எழும். கைப்பழக்கம் தனிமையில் வருவது உண்மையே. ஆனால், கணினி விளையாட்டுக்குரிய ஓவியத்தைக் கற்பவருக்கு அது மட்டும் போதாது. இத்துறையைக் கற்பிக்கும் கல்லூரிகள் பலவற்றில், மாணவர் குழுவாகச் சேர்ந்து ஒரு விளையாட்டையே முழுமையாக உருவாக்குதல் பாடத்திட்டத்தின் இன்றியமையாத பகுதியாக விளங்குகின்றது. இதற்குக் காரணம் யாது?

விளையாட்டில் வரும் ஒரு சாதாரணக் கதவை எடுத்துக்கொள்வோம். அதன் தோற்றத்தை ஒருவர் வரைகிறார். மற்றொருவர் அதற்கு முப்பரிமாண உருவம் கொடுக்கிறார். வேறொருவர் மரத்தின் நிறத்தையும் இரேகைகளையும் பூசுகிறார். அதனைத் திறக்கச் செய்பவரோ நிரல் எழுதும் மாணவர். கதவின் சுழல்மையம் கீல் அமைந்த ஓரத்தில் இராமல் நடுவே இருந்துவிட்டால், கதவு திறவாது. நட்டநடுவே நின்று சுழலும். கதவு செய்தவரும் கதைமாந்தரைச் செய்தவரும் அளவு குறித்துப் பேசிக்கொள்ளாவிடின், வீரனின் தலை நிலையில் இடிக்கும். தனித்தனியே பார்த்தால் இருவர் வேலையும் அழகானதே. ஒன்றுசேர்ந்தபோதுதான் குறை வெளிப்படுகின்றது. இந்தக் குறையைத் தனியே இருந்து எந்த மாணவரும் கண்டறிய முடியாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. திரையில் விநாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு படத்தையும் ஆக்கி முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 17 மில்லிவிநாடி மட்டுமே. உருவங்கள், ஒளி, நிழல், எதிரிகளின் நடமாட்டம் யாவும் இந்தச் சிறு பொழுதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் மரத்தின் ஒவ்வோர் இலையையும் நுணுக்கமாகச் செதுக்கிவிட்டால், அம்மரங்கள் காடாகும்போது விளையாட்டே தள்ளாடத் தொடங்கும். பொதுச் சொத்திலிருந்து தமக்குரிய பங்கை மட்டும் எடுக்கும் ஒழுக்கத்தை மாணவர் இங்கே கற்கிறார்.

ஆகவேதான், தேர்ந்த குழுவினர் முதலில் வெறும் சாம்பல்நிறப் பெட்டிகளை அடுக்கி ஆடிப் பார்க்கின்றனர். ஆட்டம் சுவையாக அமைந்த பின்னரே அழகு சேர்க்கும் வேலை தொடங்கும். இவ்வாறு செய்யாதவர்கள், பல வாரங்கள் உழைத்துத் தீட்டிய அறை ஆட்டத்துக்கு உதவாதெனக் கண்டு, அதனை முற்றாக நீக்க நேரிடுகிறது. தம் கைவண்ணம் நீக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்வது இளம் ஓவியருக்கு எளிதன்று. எனினும், வேலையைப் பற்றிய கண்டனம் வேறு, தம்மைப் பற்றிய கண்டனம் வேறு என்ற தெளிவு அப்போதுதான் பிறக்கின்றது.

கூட்டு முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரம் ஓர் உதாரணம் தருகின்றது. அந்நகரின் புகையிரத நிலையச் சுற்றுப்புறம் புதுப்பிக்கப்பட்டபின் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதை மக்களுக்குக் காட்டுவதற்காக, மாணவர் குழுவொன்று 2006ஆம் ஆண்டில் ‘டி பிளொப்’ என்னும் விளையாட்டை ஆக்கியது. நிறமற்ற நகரில் ஓர் உருண்டை உருண்டோடி, தான் தொடும் கட்டடங்களுக்கெல்லாம் வண்ணம் பூசும். இங்கே ஓவியம் ஆட்டத்தின்மீது பூசப்பட்ட மெருகன்று. வண்ணம் தீட்டுதலே ஆட்டம். அதன் உரிமையைப் பெரிய நிறுவனமொன்று வாங்க, 2008இல் அது புதிய வடிவில் உலகச் சந்தைக்கு வந்தது. மாணவர்களுட் சிலர் 2007இல் ‘ரொனிமோ’ என்ற பெயரில் சொந்த நிறுவனமும் அமைத்தனர்.

அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர் குழுவொன்று 2005இல் ‘நார்பக்கியூலர் டிராப்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் வரும் இளவரசியால் குதிக்க இயலாது. குழுவினர் அந்தக் குறையை மறைக்க முயலாமல், ‘முழங்காலற்றவள்’ என்று அவளுக்குப் பெயரே சூட்டிவிட்டனர். குதிப்பதற்குப் பதிலாக, சுவரில் இரு வாயில்களைத் திறந்து, ஒன்றினுள் நுழைந்து மற்றதன் வழியே வெளிவருவாள். இக்கருத்தைக் கண்ட வால்வ் நிறுவனம் அம்மாணவரை வேலைக்கு அமர்த்தியது. 2007இல் வெளியான புகழ்பெற்ற ‘போர்ட்டல்’ அதன் விளைவாகும்.

இத்தகைய பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. மாணவர் ஆக்கும் விளையாட்டுகளுட் பெரும்பாலானவை வகுப்பறையைத் தாண்டுவதில்லை. மேலும், குழு என்றால் குறைபாடும் உண்டு. ஒருவர் இரவு பகலாக உழைக்க, இன்னொருவர் வாளாவிருப்பார். புள்ளியோ இருவருக்கும் ஒன்றாகவே கிடைக்கும். உழைத்தவர் மனத்தில் கசப்பு வளர்வது இயல்பே. இதற்கு மருந்து குழுவைக் கலைப்பதன்று. யார், எதனை, எந்த நாளுக்குள் முடிப்பார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தல் வேண்டும். வாரந்தோறும் அரைகுறை வேலையையும் எல்லார் முன்னிலையிலும் காட்டுதல் வேண்டும். ஆசிரியரும் முடிந்த விளையாட்டை மட்டும் நோக்காது, ஒவ்வொருவர் பங்கையும் தனியே கேட்டறிந்து மதிப்பிடுதல் வேண்டும்.

படிப்பு முடிந்து வேலை தேடும் மாணவர், தம் படைப்புத் தொகுப்பில் இந்தக் கூட்டு விளையாட்டையும் வைப்பார். அங்கே, “கதவின் உருவம் என்னுடையது, வண்ணம் என் தோழருடையது” என்று ஒளியாமல் எழுதுவதே முறை. பிறர் வேலையைத் தமதென்று காட்டுபவரின் சாயம் நேர்முகத்தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். தம் பங்கு எது, பிறர் பங்கு எது என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரையே, நாளை நூறு பேர் கூடி உழைக்கும் கூடத்தில் நம்பி அமர்த்த முடியும்.